வெயிலிலும் இருட்டிலும் படிக்க முடிகிற ஆப்: சூழலுக்கேற்ப மாறும் நிறத் தீம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கடைகளுக்கும் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் ஆப் செய்து தருகிற தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டு, ஐபோன், வெப் மூன்றும் உண்டு. கோடிங் விவரம் கொஞ்சம்தான், எதை எப்போது மாற்றுவது என்று முடிவெடுப்பது பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

சூழலுக்கேற்ப மாறும் தீம் என்பது டார்க் மோடுக்கு இன்னொரு பெயர்தானே?

இல்லை, டார்க் மோட் இதில் ஒரு பகுதி மட்டும். 2019-இல் ஆண்ட்ராய்டு 10-ம் ஐஓஎஸ் 13-ம் ஃபோன் முழுவதற்கும் டார்க் தீமைக் கொண்டுவந்ததிலிருந்து, வெள்ளையில் ஒன்று கருப்பில் ஒன்று செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஃபோனைக் கையில் வைத்திருப்பவர் நிற்கிற வெளிச்சம் இந்த இரண்டில் அடங்காது. டர்பனின் வாரிக் பகுதியில் இருக்கிற எர்லி மார்னிங் மார்க்கெட்டில் காய்கறி விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்பே சரக்கு இறக்கி இருட்டில் கணக்குப் பார்க்கிறார், காலையில் கூரைக்கு அடியில் ஆர்டர் பார்க்கிறார், உச்சி வெயிலில் வெளியே நின்றுகொண்டு வாடிக்கையாளர் அனுப்பிய பணம் வந்துவிட்டதா என்று பார்க்கிறார். அதே ஆள், அதே ஆப். ஆனால் திரைமேல் விழும் வெளிச்சம் ஒன்றிரண்டு லக்ஸிலிருந்து ஒரு லட்சம் லக்ஸ் வரை போய் வருகிறது. (லக்ஸ் என்றால் ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. இரவில் வீட்டு ஹாலில் 50 முதல் 150, ஆபீஸில் 300 முதல் 500, பகலில் வெளியே நிழலில் 10,000 பக்கம் இருக்கும்.) இத்தனை பெரிய இடைவெளியை ஒரு கருப்பு-வெள்ளை சுவிட்சால் சமாளிக்க முடியாது.

மாலை ஆறு மணிக்கு டார்க், காலை ஆறு மணிக்கு லைட் என்று நேரம் வைத்துவிட்டால் போதாதா?

இந்த நாட்டில் அது சரிப்பட்டு வராது. தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே கடிகாரம்தான், ஆனால் டிசம்பரில் டர்பனில் ஏழு மணிக்குச் சற்று முன் சூரியன் மறையும்போது கேப் டவுனில் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கிறது. ஜூனில் டர்பனில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். இதைவிட முக்கியம், நேரத்துக்கும் வெளிச்சத்துக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது என்பது: பகல் பதினொரு மணிக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டின் உள் சந்தில் இருக்கலாம், இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேடியம் விளக்குகளுக்குக் கீழே இருக்கலாம்.

அப்புறம் இன்னொன்று. வெளிநாட்டு டெம்ப்ளேட்டை வாங்கிப் பயன்படுத்தும்போது அதில் டிசம்பர் என்றால் பனி, மங்கலான நீல நிறங்கள் என்று இருக்கும். நமக்கு டிசம்பர் கொளுத்தும் கோடை, தைப்பூசக் காவடி வருவதும் கோடையில்தான். பருவத்துக்கு ஏற்ற தீம் போடுவதானால் தெற்குப் பாதியின் காலண்டரை வைத்துப் போடுங்கள்.

என் ஆப் ஆபீஸில் அழகாகத் தெரிகிறது, வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. ஏன்?

இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்ற எல்லா முடிவுகளும் தானாக வரும்.

திரையில் எழுத்து தெரிவது எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளி விகிதத்தால். வெப்புக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்று இந்த விகிதத்தைக் கேட்கின்றன. கருப்புக்கு வெள்ளை 21-க்கு 1. ஆனால் இந்த எண்கள் உங்கள் டிசைன் ஃபைலில் இருக்கும் நிறங்களை மட்டும் வைத்துப் போட்டவை. வெளியே போனால் திரையின் கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, அந்த வெளிச்சம் எழுத்தின் மேலும் பின்புலத்தின் மேலும் ஒரே அளவு கூடிவிடுகிறது.

ஒரு சாதாரண ஃபோனின் வெள்ளை 500 நிட் (நிட் என்றால் ஒரு பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியின் அளவு) என்று வைத்துக்கொள்வோம், கண்ணாடி சுமார் 4.5 சதவீதம் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 300 லக்ஸ் ஆபீஸில் இந்தக் கூடுதல் ஒளி 4 நிட்தான், யாருக்கும் தெரியாது. 5,000 லக்ஸ் நிழலில் அது சுமார் 70 நிட் ஆகிறது, கருப்பு எழுத்தின் விகிதம் 8-க்கு 1 என்று இறங்கினாலும் இன்னும் படிக்கலாம். 50,000 லக்ஸ் வெயிலில் சுமார் 700 நிட். அதாவது திரை தானாகத் தருகிற ஒளியைவிட அதிகம், சுத்தக் கருப்பு எழுத்துக்கே விகிதம் 1.7-தான் மிஞ்சும். டிசைனர்கள் விரும்பிப் போடுகிற, விதியைச் சரியாக 4.5-இல் தொட்டு நிற்கிற அந்தச் சாம்பல் எழுத்து நிழலிலேயே 3.5-க்கு வந்துவிடும், வெயிலில் 1.5 ஆகிவிடும், கிட்டத்தட்ட காணாமல் போய்விடும்.

அதனால் சாம்பல் எழுத்து விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். விலை, பாக்கித் தொகை, நேரம், முகவரி என்று ஒருவர் நின்றுகொண்டே பார்க்க வேண்டிய எதையும் சாம்பலில் போடாதீர்கள்.

அப்படியானால் வெயிலுக்கென்று தனி தீம் வேண்டுமா?

வேண்டும், மூன்றாவது தீமாக. சுத்த வெள்ளைப் பின்புலம், சுத்தக் கருப்பு எழுத்து, ஒரு படி தடித்த எழுத்து, இளநிறங்கள் எதுவும் இல்லை, நிழல் விளைவுகள் இல்லை, பட்டனைச் சுற்றி அழுத்தமான கோடு. இதை அழகாக்க முயலாதீர்கள், வெயிலில் நிற்பவருக்கு அழகு தெரியப் போவதில்லை, வேலை முடிந்தால் போதும்.

வெயிலில் டார்க் தீமைக் காட்டலாமா என்றும் கேட்கிறார்கள். கணக்குப்படி சுத்தக் கருப்பில் சுத்த வெள்ளை எழுத்தும் அதே விகிதம்தான் தரும். ஆனால் கருப்புத் திரையில் உங்கள் முகமும் வானமும் மேலே இருக்கும் மரமும் பிம்பமாகத் தெரியும், வெள்ளைப் பின்புலத்தில் அவை அவ்வளவாகத் துருத்திக்கொண்டு நிற்காது. தவிர, டார்க் தீம்களில் எழுத்து பெரும்பாலும் முழு வெள்ளையாக இருப்பதில்லை. எனவே வெயிலில் வெள்ளைதான்.

தமிழ் எழுத்துக்கு இதில் தனிக் கவனம் தேவையா?

கட்டாயம் தேவை, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

முதலில் புள்ளி. வெயிலில் திரை மங்கும்போது முதலில் மறைவது மெய்யெழுத்தின் மேல் இருக்கிற அந்தச் சின்னப் புள்ளிதான். 'பால்' என்பது 'பால' ஆகிவிடும், 'பட்டம்' என்பது 'படடம' ஆகிவிடும். நன்றாகத் தமிழ் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். ஆனால் இங்கே நம் வீடுகளில் பலர் ஆங்கிலத்தில் வாழ்ந்துகொண்டு தமிழை எழுத்துக்கூட்டிக் கற்கிறவர்கள். கோயில் வகுப்புக்குப் போகிற பத்து வயதுப் பிள்ளை தேவார ஆப்பைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும்போது புள்ளி தெரியாவிட்டால், அந்தப் பிள்ளை தவறாகவே படிக்கும், தவறு என்றும் தெரியாது. ஊகிக்கத் தெரியாதவருக்காகத்தான் நாம் டிசைன் செய்ய வேண்டும்.

இரண்டாவது, சுழி. ண, ன இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழி. இருட்டில், கருப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து சற்று விரிந்து தெரியும், கண்ணுக்குள் ஒளி பரவுவதால் வருவது அது, ஆஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக் குறை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். அப்போது சுழிகளுக்குள் இருக்கும் இடைவெளி அடைந்துபோகிறது, 'மனம்' எது 'மணம்' எது என்று தடுமாற வேண்டியிருக்கும். ஐ, ணை, ஔ போன்ற எழுத்துகளில் இது மோசம்.

எனவே எழுத்தின் தடிமனையும் தீமோடு சேர்த்து மாற்றுங்கள்: இருட்டில் ஒரு படி மெல்லிசு, வெயிலில் ஒரு படி தடிப்பு. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற பல எடைகள் உள்ள எழுத்துரு இதற்குப் போதும். மெல்லிசாக்கும்போது எழுத்து அளவைக் குறைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே தமிழுக்கு வைத்தால் கீழே தொங்கும் உகர ஊகாரக் குறிகளும் அடுத்த வரியின் புள்ளிகளும் ஒட்டிக்கொள்ளும், அதையும் கூட்டுங்கள். ஒரே எச்சரிக்கை: தடிமன் மாறினால் வரியின் அகலமும் மாறும், படித்துக்கொண்டிருக்கும்போது சொற்கள் அடுத்த வரிக்குக் குதித்தால் எரிச்சல்தான் வரும். அதனால் தடிமனைப் பக்கம் மாறும்போதோ ஆப்பைத் திறக்கும்போதோ மட்டும் மாற்றுங்கள்.

வெளிச்சம் எவ்வளவு என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்?

ஆண்ட்ராய்டில் ஒளி சென்சார் லக்ஸ் மதிப்பையே தருகிறது, அதற்குத் தனி அனுமதிகூடக் கேட்க வேண்டியதில்லை. சிக்கல், அந்த எண்ணை அப்படியே நம்பினால் திரை பைத்தியம் பிடித்ததுபோல் மாறி மாறி மின்னும். சென்சார் பெரும்பாலும் முன் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஃபோனைப் படுக்கவாட்டில் பிடித்தால் கட்டைவிரல் அதை மூடிவிடும். டாக்ஸியில் போகும்போது மரநிழலும் வெயிலும் மாறி மாறி வரும். திரைக்கு அடியில் சென்சார் வைத்த ஃபோன்களில் திரையின் சொந்த ஒளியே அளவைக் குழப்பும்.

நான் சொல்லும் வழி இது. போவதற்கு ஓர் எல்லை, திரும்பி வருவதற்கு வேறோர் எல்லை வையுங்கள். 15 லக்ஸுக்குக் கீழே போனால் டார்க், ஆனால் 50 தாண்டினால்தான் மறுபடி லைட். 10,000 தாண்டினால் வெயில் தீம், 5,000-க்குக் கீழே வந்தால்தான் அதிலிருந்து வெளியே வருவது. இந்த எண்கள் தொடக்கத்துக்கு, சென்சாருக்குச் சென்சார் மாறும், சோதித்துத் திருத்திக்கொள்ளுங்கள். கடைசிச் சில விநாடிகளின் சராசரியைப் பாருங்கள், அதுவும் மடக்கை (லாக்) அளவில் பாருங்கள், ஏனென்றால் 10-க்கும் 100-க்கும் இருக்கிற வித்தியாசம் கண்ணுக்கு 1,000-க்கும் 10,000-க்கும் இருக்கிற வித்தியாசம்போலத்தான் தெரியும்.

மாற்றுகிற வேகமும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. கண் வெளிச்சத்துக்குச் சீக்கிரம் பழகும், இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம்கூட ஆகும். எனவே லைட்டுக்கு இரண்டு மூன்று விநாடியில் மாறலாம், டார்க்குக்கு நிதானமாகப் போங்கள். ஒருவர் டைப் செய்துகொண்டிருந்தால், பணம் அனுப்பிக்கொண்டிருந்தால், எதையும் மாற்றவே மாற்றாதீர்கள்.

ஐபோனில்?

ஒளி சென்சாரின் மதிப்பை ஆப்பிள் பிற ஆப்களுக்குத் திறந்து கொடுக்கவில்லை. திரையின் பிரகாசம் எவ்வளவு என்று கேட்கலாம், ஆட்டோ பிரைட்னஸ் போட்டிருந்தால் அது ஓரளவு வெளிச்சத்தைக் காட்டும், ஆனால் பயனர் கையால் மாற்றியிருந்தால் பொய் சொல்லும். அதனால் அங்கே ஃபோனின் லைட்/டார்க் தேர்வைப் பின்பற்றி, கூடவே வெயில் தீமுக்கு எளிதில் எட்டுகிற ஒரு பட்டன் வைத்துவிடுங்கள்.

வெப் ஆப்பில்?

பயனர் லைட், டார்க் எதைக் கேட்டிருக்கிறார், கூடுதல் கான்ட்ராஸ்ட் கேட்டிருக்கிறாரா என்று பிரவுசர் சொல்லும் பிரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீம், பிரிஃபர்ஸ்-கான்ட்ராஸ்ட் இரண்டையும் மதியுங்கள், அது போதும். ஒளி சென்சார் பிரவுசர்களில் இயல்பாகத் திறந்திருப்பதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. 2017-இல் ஆய்வாளர்கள், திரை நிறம் மாறும்போது அறையில் பட்டுத் திரும்பும் ஒளியைச் சென்சார் வழியாகப் படித்து, ஒருவர் எந்தத் தளத்துக்குப் போயிருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியும் எனக் காட்டினார்கள். உங்கள் ஆண்ட்ராய்டு ஆப்பிலும் லக்ஸ் மதிப்புகளை சர்வருக்கு அனுப்பாதீர்கள், ஃபோனுக்குள்ளேயே பயன்படுத்தித் தூக்கிப் போடுங்கள்.

திடீரென்று கரண்ட் போகும்போது என்ன செய்வது?

லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) 2023-இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை என்றாலும், கேபிள் பழுது, புயல் மழை என்று இருட்டு வந்துகொண்டுதான் இருக்கிறது. கரண்ட் போன அடுத்த நொடி எல்லோரும் எடுப்பது ஃபோனைத்தான். அந்த நேரத்தில் ஆப்பைத் திறந்ததும் வெள்ளை முகப்புத் திரை பளீரென்று அடிக்கும், அதற்குப் பிறகு டார்க் தீம் வரும். இது மிகப் பரவலாக இருக்கிற குறை. முகப்புத் திரையும் தீம் நிறத்தைப் பின்பற்ற வேண்டும், ஆப்புக்குள் திறக்கும் வெப் பக்கமும், பேங்க் பக்கம் ஏறும்வரை தெரிகிற வெற்றுத் திரையும் அப்படியே. ஆப் திறக்கும் நேரத்தில் மட்டும் சென்சாரை உடனே படித்து உடனே முடிவெடுக்கலாம், மேலே சொன்ன நிதானம் பயன்பாட்டின் நடுவே வரும் மாற்றங்களுக்குத்தான்.

டார்க் தீம் பேட்டரியை மிச்சப்படுத்துமா?

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி தருகிற ஓஎல்இடி திரையில் மட்டும், அதுவும் பிரகாசத்தைப் பொறுத்தது. பர்டியூ பல்கலைக்கழகம் 2021-இல் அளந்து பார்த்ததில், பிரகாசம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது 3 முதல் 9 சதவீதம்தான் மிச்சம், முழுப் பிரகாசத்தில் 39 முதல் 47 சதவீதம். வீட்டுக்குள் யாரும் முழுப் பிரகாசத்தில் வைப்பதில்லை. விலை குறைந்த ஃபோன்களில் பலவும் எல்சிடி, அதில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் கருப்புப் போட்டும் பயனில்லை. "பேட்டரி சேமிப்பான்" என்று ஆப்பில் எழுதி வைக்காதீர்கள்.

பின்புலம் சுத்தக் கருப்பாக இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் நான் #121212 போன்ற அடர் சாம்பலையே போடுவேன். சுத்தக் கருப்பில் ஓஎல்இடி புள்ளிகள் முழுதாக அணைந்திருக்கும், ஸ்க்ரோல் செய்யும்போது அவை மறுபடி எரியச் சற்றுத் தாமதமாகி எழுத்துக்குப் பின்னால் வால்போல் இழுபடும்.

கோயில் ஆப்புக்குக் குங்குமச் சிவப்பும் மஞ்சளும் கேட்கிறார்கள். டார்க்கில் எப்படி?

கொடுங்கள், அந்த நிறங்கள் இல்லாமல் அது கோயில் ஆப்பாகவே இருக்காது. ஆனால் ஒரே நிறத்தை இரண்டு தீமிலும் ஒட்ட முடியாது. அடர் சிவப்பு வெள்ளையில் கம்பீரமாக நிற்கும், கருப்பில் மூழ்கிவிடும். மஞ்சள் கருப்பில் ஜொலிக்கும், வெள்ளையில் எழுத்தாகப் போட்டால் தெரியவே தெரியாது. டார்க்கில் சிவப்பை வெளிறச் செய்து அடர்த்தியைக் குறையுங்கள், லைட்டில் மஞ்சளைப் பட்டையாகப் போட்டு அதன்மேல் கருப்பு எழுத்து வையுங்கள். கூகுளின் மெட்டீரியல் முறையில் 'டோன்' என்ற வெளிச்ச அளவு 0 முதல் 100 வரை இருக்கிறது: இரண்டு நிறங்களுக்கு டோன் வித்தியாசம் 50 இருந்தால் 4.5-க்கு 1 கிடைத்துவிடும், 40 இருந்தால் 3-க்கு 1. கமிட்டிப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசும்போது இது மிக வசதி, சாயலை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும், டோனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு என்றால் ஆபத்து என்று பேங்க் ஆப் நினைக்கிறது, நமக்கு அது மங்களமும்கூட. காவடி அறிவிப்புப் பட்டையும் "பணம் செலுத்தவில்லை" என்ற எச்சரிக்கையும் ஒரே சிவப்பில் இருந்தால் அம்மாச்சிகள் பயந்துவிடுவார்கள். எச்சரிக்கைக்கு நிறத்தோடு ஒரு குறியும் சொல்லும் சேர்த்தே வையுங்கள், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது உதவும்.

வால்பேப்பர் நிறத்தை ஆப் எடுத்துக்கொள்ளும் வசதி?

2021-இல் ஆண்ட்ராய்டு 12-ஓடு வந்தது. சொந்தக் குறிப்பு, அலாரம் மாதிரி ஆப்களுக்கு நன்றாக இருக்கும். பணம் சம்பந்தப்பட்ட ஆப்பில் வேண்டாம், பச்சை நிறத்தைப் பார்த்து "இது நம் ஆப்தான்" என்று நம்புகிற பாட்டிக்கு அது ஊதாவாக மாறினால் நம்பிக்கை போய்விடும்.

க்யூஆர் குறியீட்டையும் டார்க் ஆக்கலாமா?

ஆக்காதீர்கள். ஸ்னாப்ஸ்கேன், ஜாப்பர் என்று இங்கே க்யூஆர் வழிப் பணம் சாதாரணம். நிறம் தலைகீழான குறியீட்டைப் பல ஸ்கேனர்கள் படிப்பதில்லை. எந்தத் தீமிலும் அது வெள்ளைப் பெட்டிக்குள் கருப்பாகவே இருக்க வேண்டும், சுற்றிலும் நான்கு கட்டம் அளவு வெள்ளை ஓரம் விட வேண்டும், அந்தப் பக்கம் திறந்திருக்கும்வரை பிரகாசத்தையும் ஏற்றிவிடுங்கள்.

இத்தனை தீம்களையும் கோடிங்கில் எப்படிச் சமாளிப்பது?

நிறத்துக்கு அதன் வேலையை வைத்துப் பெயரிடுங்கள். "வெள்ளை", "நீலம் 3" என்று வேண்டாம், "பின்புலம்", "முதன்மை எழுத்து", "எச்சரிக்கை" என்று வையுங்கள். திரைகள் எல்லாம் அந்தப் பெயர்களைத்தான் கேட்க வேண்டும், ஒவ்வொரு தீமும் அந்தப் பெயர்களுக்கு மதிப்புத் தரும் ஒரு பட்டியல், அவ்வளவுதான்.

டார்க் கண்ணுக்கு நல்லதாமே?

இருட்டறையில் கூச்சம் குறையும், அது உண்மை. நல்ல வெளிச்சத்தில் வெள்ளைமேல் கருப்பு எழுத்தே பெரும்பாலோருக்குக் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் வெள்ளைத் திரை கண்பாவையைச் சுருக்கிவிடும், சுருங்கிய பாவையில் பிம்பம் துல்லியமாக விழும். தாத்தா பாட்டிகளுக்குப் பகலில் டார்க்கைத் திணிக்காதீர்கள்.

ஆப்பே முடிவு செய்ய வேண்டுமா, பயனர் முடிவு செய்ய வேண்டுமா?

பயனர்தான், எப்போதும். ஒருவர் கையால் லைட் என்று வைத்துவிட்டால், இருட்டானாலும் லைட்தான், ஆப் தனக்கு எல்லாம் தெரியும் என்று குறுக்கே போகக் கூடாது. செட்டிங்ஸின் அடி ஆழத்தில் ஒளித்து வைக்காமல் தானாக, வெளிச்சம், இருட்டு, வெயில் என்று நான்கையும் முதல் பக்கத்திலிருந்தே எட்டும்படி வையுங்கள்.

எப்படிச் சோதிப்பது?

கம்ப்யூட்டர் திரையில் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். இருப்பதில் விலை குறைந்த, கீறல் விழுந்த, பிளாஸ்டிக் உறை ஒட்டிய ஃபோனில் ஏற்றுங்கள், ஏனென்றால் உறையும் கீறலும் ஒளியை இன்னும் சிதறடிக்கும். சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் பகலில் எடுத்துக்கொண்டு போங்கள், வெயிலில் நின்று விற்கும் ஒருவரிடம் கொடுத்து, "அக்கா, இதில் பாக்கி எவ்வளவு என்று சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். கையால் திரைக்கு நிழல் பிடித்தால், ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், தீம் இன்னும் சரியாகவில்லை. இரவில் வீட்டு விளக்குகளை அணைத்து, கால் மணி நேரம் கண்ணைப் பழக்கிவிட்டு, ஆப்பைப் புதிதாகத் திறந்து பாருங்கள், ஏதாவது ஓர் இடத்தில் வெள்ளையாக மின்னினால் எந்தத் திரை என்று குறித்துக்கொண்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.